இந்தியத் தரைப்படையின் ஒழுங்குச் சட்டம்

இந்தியத் தரைப்படையினரின் குற்றங்கள், விசாரணை, தண்டனை ஆகியவற்றை 1950ஆம் ஆண்டு இராணுவச் சட்டம் வகுக்கிறது. ஆங்கிலேயர் காலத்து 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் வந்தது இது. படையினரின் அடிப்படை உரிமைகளைச் சுருக்கும் அதிகாரத்தை அரசியலமைப்பின் 33ஆவது பிரிவு நாடாளுமன்றத்துக்கு அளிக்கிறது. ஆனால் கடமை சரிவர நடக்கவும் ஒழுங்கு நிலைக்கவும் வேண்டிய அளவுக்குத்தான் அப்படிச் சுருக்கலாம். படைச் சட்டத்தின் ஒவ்வொரு விதியையும் இந்த வரம்பைக் கொண்டே மதிப்பிட வேண்டும்.

கடுமை தேவை என்பதில் ஐயமில்லை. ஒருவர் நிலையைவிட்டு நகர்ந்தால் பல உயிர்கள் போகும். அதனால்தான் போர்ப் பணியில் இருக்கும்போது படையைவிட்டு ஓடுவதற்கும் கலகத்துக்கும் மரண தண்டனைவரை விதிக்கலாம். ஆயினும் இராணுவச் சட்டத்தின் 41ஆவது பிரிவு தண்டிப்பது சட்டப்படியான கட்டளையை மீறுவதை மட்டுமே. கீழ்ப்படியச் சொல்லும் சட்டம், கட்டளையிடுபவரையும் சட்டத்துக்குள்ளேயே நிறுத்துகிறது.

இந்த வரம்பு தளர்ந்திருக்கும் இடம், சம்மரி கோர்ட் மார்ஷல் என்னும் சுருக்க விசாரணைப் படை நீதிமன்றம். ஜெனரல் கோர்ட் மார்ஷலில் குறைந்தது ஐந்து அதிகாரிகள் அமர்கிறார்கள். அதன் தீர்ப்பு மேலதிகாரி உறுதிசெய்தால்தான் செல்லும். சம்மரி கோர்ட் மார்ஷலிலோ படைப்பிரிவின் கமாண்டிங் ஆபீசர் ஒருவரே நீதிமன்றம். உடன் அமரும் இருவர் உறுதிமொழி எடுப்பதில்லை, தீர்ப்பிலும் அவர்களுக்குப் பங்கில்லை. லெப்டினன்ட் கர்னல் அல்லது அதற்கு மேற்பட்ட நிலையில் உள்ளவர் ஓராண்டுவரை சிறை விதிக்கலாம்; பொதுவாகத் தண்டனை உடனே நடைமுறைக்கு வரும். அதிகாரிகளையும் ஜூனியர் கமிஷன்ட் ஆபீசர்களையும் (ஜே.சி.ஓ.) இப்படி விசாரிக்க முடியாது. ஜவான்களுக்கும் அவர்களை ஒத்த நிலையினருக்கும் மட்டுமே இது.

உடனடித் தண்டனை இல்லாவிட்டால் கட்டுப்பாடு குலையும் என்பது இதற்கு ஆதரவாகச் சொல்லப்படும் வலுவான வாதம். ஆனால் போர்ப் பணிக்கென மூன்று அதிகாரிகள் அமரும் சம்மரி ஜெனரல் கோர்ட் மார்ஷல் தனியே இருக்கிறது. விமானப்படைச் சட்டத்தில் ஒருவரே நீதிமன்றமாகும் முறை இல்லை. அதனால் அப்படை ஒழுங்கிழந்துவிடவில்லை. மேல்முறையீடு தலைமையின் மதிப்பைக் குறைக்கும் என்போரும் உண்டு. பிருத்தி பால் சிங் பேடி வழக்கில் 1982இல் படைச் சட்டத்தை ஏற்ற உச்ச நீதிமன்றமே, ஒரு மேல்முறையீட்டு வாய்ப்புகூட இல்லாததைப் பெருங்குறை என்றது. பின்னர் மேல்முறையீட்டுக்கென 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆயுதப்படைத் தீர்ப்பாயம் அமைந்து, 2009 முதல் செயல்படுகிறது. நீதித்துறை உறுப்பினருடன் படை அனுபவமுள்ளவரும் அதில் அமர்வதால், படையின் தேவை அறியாதவர்கள் தீர்ப்பளிக்கிறார்கள் என்ற குறைக்கும் இடமில்லை.

ஆனாலும் சம்மரி கோர்ட் மார்ஷலில் பணிநீக்கமோ மூன்று மாதத்துக்கு மேற்பட்ட சிறையோ விதிக்கப்பட்டால்தான் அத்தீர்ப்பாயத்தை அணுக முடியும். அதற்குக் குறைந்த சிறைத்தண்டனையும் ஒரு ஜவானின் பணிவாழ்வைப் பாதிக்கக்கூடியதே. தண்டனை நியாயமானது என்று தண்டனை பெற்றவரும் அவருடைய தோழர்களும் நம்பினால்தான் ஒழுங்கு நிலைக்கும். ஆகவே எல்லாச் சிறைத்தண்டனைக்கும் மேல்முறையீட்டு வழி திறக்கப்பட வேண்டும்.