ஐந்து ஷில்லிங்கும் தூக்குக் கயிறும்

கடையொன்றில் 5 ஷில்லிங் பெறுமதியான பொருளை மறைவாகத் திருடியவனுக்கு என்ன தண்டனை? பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்துச் சட்டம் சொன்ன விடை: தூக்கு. மரண தண்டனைக்குரிய குற்றங்கள் அங்கே அப்போது இருநூறுக்கும் மேல், நேயர்களே!

இச்சட்டங்களோடு மல்லுக்கு நின்றவர் சேர் சாமுவேல் றொமிலி. 1757இல் இலண்டனிலே பிறந்தவர். மதக் கெடுபிடிக்கு அஞ்சிப் பிரான்சை விட்டு வந்த வழியினர். தந்தை நகை வணிகர். சட்டத்தரணியாகப் பெயர் பெற்று, 1806இல் சொலிஸிட்டர் ஜெனரலாகிப் பாராளுமன்றம் புகுந்தார். 1807இல் அடிமை வணிக ஒழிப்பு விவாதத்தில் நெப்போலியனையும் வில்பர்போஸையும் ஒப்பிட்டு அவர் பேசியபோது சபையே ஆரவாரித்தது. வில்பர்போஸ் கண்ணீர் விட்டார்.

ஆனால் றொமிலியின் உண்மையான பெருமை அந்த ஆரவாரத்தில் இல்லை. அவர் கண்ட தோல்விகளில்தான் இருக்கிறது என்பேன்.

வீட்டிலே களவெடுத்த பொருள் 40 ஷில்லிங் பெறுமானால் களவெடுத்தவனுக்குத் தூக்கு. இரக்கமுள்ள ஜூரிமார் என்ன செய்தார்கள்? பொருளின் பெறுமதி 39 ஷில்லிங்தான் என்றார்கள்! சத்தியம் செய்துவிட்டுச் சொன்ன பொய். பொருளைப் பறிகொடுத்தவரோ, ஒருயிர் போகுமே என்று முறைப்பாடு செய்யவே தயங்கினார். கொடிய சட்டம் கள்வனுக்குத்தான் வாய்ப்பாகிறது. தண்டனை சிறிதாயினும் தப்பாமற் கிடைப்பதே குற்றத்தைத் தடுக்கும் என்று றொமிலி வாதாடினார்.

1808இல் ஒரு வெற்றி கிட்டியது. சட்டைப்பைத் திருட்டுக்கு மரண தண்டனை விதித்த, முதலாம் எலிசபெத் காலத்துச் சட்டம் நீங்கியது. 1810இல் கடைத் திருட்டுச் சட்டமூலம் பொதுமக்கள் சபையைத் தாண்டிப் பிரபுக்கள் சபையில் மடிந்தது. பிரதம நீதியரசர் எலன்பரோ கடுமையாக எதிர்த்தார். அது கிடக்கட்டும், கன்டர்பரி பேராயர் உட்பட ஏழு ஆயர்கள் எதிர்த்து வாக்களித்தார்களே, அதை என்னென்பது! றொமிலி சளைக்கவில்லை. அதே சட்டமூலத்தை மீண்டும் மீண்டும் கொண்டுவந்தார். பிரபுக்கள் மீண்டும் மீண்டும் தள்ளினார்கள்.

1818இல் வெஸ்ட்மின்ஸ்டர் தொகுதி அவரை முதலிடத்தில் தெரிவு செய்தது. அவ்வாண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி மனைவி ஆன் காலமானார். அந்தத் துயரம் தாங்காமல், நான்கு நாட்களின் பின் றொமிலி தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். கடைத் திருட்டுக்கான தூக்கு 1820களில் ஒழிந்ததைக் காண அவர் இல்லை.

இறுதி வேளையில் அருகிலிருந்தவர் அவருடைய சகோதரியின் மகன், வைத்தியர் பீற்றர் மார்க் றொஜே. ஆம், 1852இல் ஆங்கிலத்துக்குப் புகழ்பெற்ற சொற்களஞ்சியத்தை வழங்கிய அதே றொஜேதான்.