கழுத்தில் ஓடும் விலாங்கு முள்

ஜொகூரின் பாஜு கூரோங் தெலோக் பெலாங்கா என்ற மலாய்ச் சட்டைக்குக் காலர் கிடையாது. வட்டக் கழுத்து, நடுவில் நாலு விரல் நீளத்துக்கு ஒரு வெட்டு, மேலே ஒற்றைப் பொத்தான். அந்தக் கழுத்தின் ஓரத்தைச் சுற்றிக் கையால் போட்ட பின்னல் ஒன்று மெல்லிய வரம்பு போல ஓடும். மலாய்க்காரர்கள் அதைத் துலாங் பெலுட் என்கிறார்கள்: விலாங்கின் முள். தமிழ்ப்பள்ளி ஆசிரியை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, பொழுதுபோக்காக நான் கற்றுக்கொள்ள உட்கார்ந்தது இந்தத் தையலைத்தான். தம்போயில் எங்கள் வரிசையிலேயே நாலு வீடு தள்ளி இருக்கும் மலாய் அம்மா ஒருவர், எங்களுக்கு மாக்சிக், சொல்லித் தருகிறார். ஊசி பிடித்த கை பழகப் பழக, இந்தச் சட்டை எங்கிருந்து வந்தது என்ற கேள்வியும் கூடவே வளர்ந்தது.

சட்டையின் பெயரில் உள்ள தெலோக் பெலாங்கா என்ற இடம் ஜொகூரில் இல்லை. சிங்கப்பூரின் தென்கரையில் இருக்கிறது. 1819-இல் ஆங்கிலேயரான ராபிள்ஸோடு உடன்படிக்கை செய்துகொண்ட மலாய்த் தலைவர் தெமெங்கோங் அப்துல் ரஹ்மானின் குடும்பமும் ஆட்களும், சில ஆண்டுகளில் சிங்கப்பூர் ஆற்றங்கரையை விட்டு அங்கே போய்க் குடியேறினார்கள். அவர் மகன் டாயெங் இப்ராஹிம் 1855-இல் சுல்தான் அலியோடு செய்த உடன்படிக்கையால் ஜொகூரின் ஆட்சி அந்தக் குடும்பத்தின் கைக்கு வந்தது. நீரிணைக்கு இந்தப் பக்கம், ஜொகூர்க் கரையில், தஞ்சோங் புத்ரி என்ற புதிய ஊர் எழும்பியது. 1862-இல் பொறுப்பேற்ற இப்ராஹிமின் மகன் அபு பக்கார் 1866-இல் அந்த ஊருக்கு ஜொகூர் பாரு என்று பெயர் வைத்தார். அவரே பிறகு 1868-இல் மகாராஜா, 1885-இல் சுல்தான். தலைநகர் தெலோக் பெலாங்காவிலிருந்து கடல் தாண்டி வந்ததன் நினைவாக அவர் வகுத்துக் கொடுத்த உடை இது என்பதுதான் ஜொகூர்க்காரர்கள் வழிவழியாகச் சொல்லிவருவது.

அபு பக்காரின் படங்களைப் பார்த்திருப்பீர்கள். ஐரோப்பியக் கோட்டு, மார்பு நிறையப் பதக்கங்கள். லண்டனுக்குப் பலமுறை போனவர், 1895-இல் அங்கேயே காலமானவர். வெளிநாட்டு அரசவைகளில் அவர்கள் பாணியிலேயே நின்று பேசத் தெரிந்த ஒருவர், தன் மக்களுக்கு மட்டும் காலரே இல்லாத ஒரு மலாய்ச் சட்டையை அடையாளமாக்கிவிட்டுப் போனார் என்பது எனக்கு மிகுந்த மரியாதையைத் தருகிறது. பிரிட்டிஷாரின் கை மலாய் மாநிலங்களில் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டிருந்த காலம் அது. ‘நாங்கள் யார்’ என்று ஒரு புதிய தலைநகரம் சொல்லியாக வேண்டியிருந்தது.

பழமை என்று நாம் போற்றும் பல உடைகளுக்கு இப்படிப் பிறந்த காலம் உண்டு. ஸ்காட்லாந்தின் கில்ட்டும் அப்படித்தான். இன்று நாம் காணும் குட்டைக் கில்ட்டைப் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் தாமஸ் ராலின்சன் என்ற ஆங்கிலேய இரும்பாலை முதலாளி என்று ஒரு கருத்து உண்டு. 1746-இல் பிரிட்டன் அரசு மலைநாட்டு உடையையே சட்டம் போட்டுத் தடுத்தது. 1782-இல்தான் தடை நீங்கியது. 1822-இல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோ வந்தபோது வால்டர் ஸ்காட் முன்னின்று நடத்திய விழாவில் அது நாட்டின் உடையாகவே ஆனது. யார் தொடங்கினார், எந்த ஆண்டு என்று தெரிவதால் ஓர் உடையின் பெருமை குறையாது. அதற்குப் பின் வந்த கைகள் அதை எப்படிக் காப்பாற்றின என்பதைத்தான் நான் பார்க்கிறேன்.

கூரோங்கின் வெட்டுமுறையில் பழைய தறியின் அகலம் தெரிகிறது. உடம்புப் பகுதி ஒரே நீளத் துணி. தோளில் மடித்து முன்னும் பின்னும் விடுவார்கள், தோள்பட்டையில் தையலே இல்லை. தறித்துணி அகலம் குறைந்தது என்பதால் இரு பக்கமும் பெசாக் என்ற சரிவான துண்டுகளைச் சேர்ப்பார்கள். அக்குளில் கெக்கெக், உள்ளங்கையளவு சின்னச் சதுரம். கையைத் தலைக்கு மேல் தூக்கினாலும் சட்டை இழுக்காமல் இருப்பது அந்தத் துண்டால்தான். ரவிக்கை தைத்துப் பழகிய எனக்கு இது பெரிய பாடமாக இருந்தது. நம் ரவிக்கையில் கை வளைவு, மார்பு டக், இடுப்பு டக் என்று எங்கும் வளைவு. வெட்டி முடித்தால் மேசை நிறையத் துண்டுத்துணி. கூரோங்கில் எல்லாம் நேர்கோடு, துணி வீணாவதில்லை. வளைவு என்று ஒன்று உண்டென்றால் அது கழுத்துதான். அதனால்தான் தையற்காரியின் திறமை முழுவதும் அங்கே போய்ச் சேர்ந்தது என்று நினைக்கிறேன்.

முதலில் கழுத்தைச் சிறிதாக வெட்ட வேண்டும். பொத்தானைப் போட்டால் கழுத்தோடு ஒட்டி நிற்க வேண்டும், கழற்றினால் தலை நுழைய வேண்டும். உட்புறம் பட்டி வைத்து ஹெம்மிங் செய்து ஓரத்தை உறுதியாக்கிய பிறகு துலாங் பெலுட் தொடங்கும். நூலைப் பல இழையாகச் சேர்த்துக் கோத்துக்கொள்வார்கள். ஒவ்வொரு தையலும் முந்தைய தையலின் மேல் குறுக்காக ஏறிப் படிய, ஓரத்தில் முதுகெலும்பு மாதிரி ஒரு மேடு எழும். இழுத்துப் பிடித்தால் கழுத்து சுருங்கிவிடும். தளர்த்தினால் மேடு படுத்துவிடும். “பெலான்-பெலான், சிக்கு” என்பார் மாக்சிக்; அவசரப்படாதீர்கள், டீச்சர் என்று அர்த்தம். வெட்டு முடியும் அந்த அடிமுனைதான் கடினம். தலையை நுழைக்கும் ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில்தான் துணி கிழியப் பார்க்கும். அங்கே தையல்களை நெருக்கிப் போட்டுத் திருப்ப வேண்டும். மாக்சிக் தம் அம்மா தைத்த ஒரு சட்டையை எடுத்துக் காட்டினார். உடம்புத்துணி நைந்து வெளிச்சம் தெரிகிறது. கழுத்தில் ஓர் இழைகூட விடவில்லை.

ஆண்கள் இந்தச் சட்டைக்குச் சம்பிங் என்ற இடுப்புத்துணியை உள்ளே கட்டுவார்கள், மேலே சட்டை தொங்கும். காலரும் ஐந்து பொத்தானும் உள்ள செக்காக் மூசாங் சட்டைக்கு அது வெளியே. பெண்கள் சட்டையோடு அணியும் கைன் என்ற நீளப் பாவாடையில் ஒரு பக்கமாகக் கொசுவம் வைப்பார்கள். ஓம்பாக், அலை, என்று அதற்குப் பெயர். கில்ட்டுக்கு ஏழு மீட்டர் துணி வரை வேண்டும், அதில் பெரும்பகுதி பின்புறக் கொசுவத்தில் போய்விடும் என்கிறார்கள். கைனுக்கு அவ்வளவு வேண்டாம், ஆனால் மடிப்பு ஒன்று பிசகினாலும் நடையில் தெரிந்துவிடும்.

வீட்டிலும் சுராவ் என்ற தொழுகைக்கூடத்திலும் கம்பத்து ஆண்கள் கட்டும் கட்டம் போட்ட கைன் பெலிக்காட் நம் கரையிலிருந்து வந்தது. சோழமண்டலக் கரையின் பழவேற்காட்டுத் துறையின் பெயர்தான் அதற்கு. டச்சுக்காரர்கள் 1613-இல் அங்கே கோட்டை கட்டி, நம் நெசவாளர்களின் துணியைக் கிழக்கே கொண்டுபோய் மசாலாப் பொருள்களுக்கு மாற்றினார்கள். அவர்களுக்கு முன்னும் பின்னும் தமிழ் முஸ்லிம் வணிகர்கள் இதே கடலில் துணி விற்றார்கள். குளுவாங் பக்கத் தோட்டத்தில் பால் மரம் வெட்டிவிட்டு வந்து என் அப்பா மாலையில் கட்டிய கைலியும் அதே கட்டம்தான். மாக்சிக் வீட்டுக் கொடியில் காயும் பெலிக்காட்டைப் பார்க்கும்போதெல்லாம் அப்பா ஞாபகம் வரும்.

இன்று இடைநிலைப்பள்ளிக்குப் போகும் நம் பெண்பிள்ளைகள் பலரும் வெள்ளைக் கூரோங்கும் நீலக் கைனும்தான் அணிகிறார்கள். அந்தக் கழுத்துகளில் ஓடுவது மிஷின் தையல். நோன்புப் பெருநாளுக்குக் கடையில் குவியும் சட்டைகளிலும் பெரும்பாலும் அதே கதைதான். எம்பிராய்டரி மிஷின் ஒன்று விலாங்கு முள்ளைப் போலவே ஒரு கோடு போட்டுவிடுகிறது. தொட்டுப் பார்த்தால் மேடு இல்லை, முனையில் பிடிப்பு இல்லை. விலையும் நேரமும் பார்க்கிற குடும்பங்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் கையால் போடத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருவது எனக்கு வலிக்கிறது. பத்திரிகையாளர் அஸா அஸீஸ் மலாய் உடைகளைப் பற்றி ஒரு பெரிய நூலே எழுதிவைத்தார். நூல் இருப்பது நல்லது. ஆனால் நூலிழையை எவ்வளவு இழுக்க வேண்டும் என்பதைப் பக்கத்தில் உட்கார்ந்துதான் கற்க வேண்டியிருக்கிறது.

ஆசைப்படுகிறவர்களுக்கு மாக்சிக் சொல்லும் வழி இது: சாட்டின் வேண்டாம், வழுக்கும், சாதாரணப் பருத்தித் துணியில் கழுத்து மட்டும் வெட்டி எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளைத் துணிக்குச் சிவப்பு நூல், தையல் தப்பினால் உடனே கண்ணில் படும். முனை திரும்புவது கைக்கு வந்த பிறகு உடம்புத்துணியை வெட்டலாம்.