ஸ்டேட்டஸ் 6: தரை தட்டிய தெப்பம்

கப்பல்களுக்கும் ஸ்டேட்டஸ் உண்டு. பெரிய கப்பல்களில் ஏஐஎஸ் என்றொரு கருவி இருக்கும். நான் இன்னார், இங்கே இருக்கிறேன், இந்தத் திசையில் இவ்வளவு வேகத்தில் போகிறேன் என்று சில நொடிகளுக்கு ஒருமுறை ரேடியோவில் அது சொல்லிக்கொண்டே இருக்கும். நாடு விட்டு நாடு போகும் 300 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்களுக்கு 2004 முடிவிலிருந்து இது கட்டாயம். அந்தச் செய்திக்குள் நான்கு பிட் இடத்தில் ஓர் எண் வரும். 0 என்றால் இன்ஜினில் ஓடுகிறது. 1 என்றால் நங்கூரம் போட்டிருக்கிறது. 5 என்றால் கரையில் கட்டியிருக்கிறது. 7 என்றால் மீன் பிடிக்கிறது. 6 என்றால் தரை தட்டி நிற்கிறது.

நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன், மதுரைக்காரன் வேறு. இப்படி ஒரு பட்டியலைப் பார்த்தால் ஊர்ப்பொருள் எதையாவது அதில் பொருத்திப் பார்க்காமல் இருக்க முடியாது. எங்கள் ஊரில் பெரிய மிதக்கும் வாகனம் ஒன்றுதான்: வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்துத் தெப்பம். அதற்கு எந்த எண்?

கடலே இல்லாத மதுரைக்கும் படகுக்கும் என்னப்பா சம்பந்தம் என்று கேட்பவர்கள் சிலப்பதிகாரத்தைப் புரட்டலாம். கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் வையைக் கரைக்கு வந்து சேரும்போது, துறையில் குதிரை முகப் படகு, யானை முகப் படகு, சிங்க முகப் படகு என்று வரிசையாக ஓடிக்கொண்டிருக்கின்றன. மூவரும் அதில் எதிலும் ஏறவில்லை. மரத்தெப்பம் ஒன்றில் ஆற்றைக் கடக்கிறார்கள். ஏன் என்று இளங்கோ சொல்லவில்லை. விற்பதற்குச் சிலம்பைத் தவிர கையில் ஒன்றும் இல்லாதவர்கள், ஏசி டாக்சியை விட்டுவிட்டு ஷேர் ஆட்டோவில் ஏறினார்கள் என்றுதான் எனக்குத் தோன்றும்.

அந்த ஆறு அப்போது படகு ஓட்டுகிற அளவுக்கு ஆறாக இருந்திருக்கிறது. பரிபாடலில் இன்று முழுதாகக் கிடைப்பவை 22 பாடல்கள். அவற்றில் 8 வையைக்கு. திருமாலுக்கே 6 தான்! புதுவெள்ளம் வந்ததும் ஊரே ஆற்றுக்கு ஓடுவதுதான் அந்தப் பாடல்களின் சந்தோஷம்.

தெப்பக்குளம் பிறகு வந்தது. 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர் 1645-ஐ ஒட்டி வெட்டியது. மஹால் கட்டச் செங்கலுக்கு மண் எடுத்த பள்ளம்தான் குளமானது என்றும், தோண்டும்போது கிடைத்த பிள்ளையார்தான் மீனாட்சி கோயிலில் இருக்கும் முக்குறுணி விநாயகர் என்றும் சொல்வார்கள். ஒரு பக்கம் ஏறக்குறைய 300 மீட்டர். நடுவில் மைய மண்டபம். தைப்பூசத்தன்று மீனாட்சியும் சுந்தரேசுவரரும் தெப்பத்தில் ஏறி மண்டபத்தைச் சுற்றி வருவார்கள். இன்ஜின் கிடையாது, துடுப்பு கிடையாது. கரையில் நிற்கும் ஜனங்கள் வடம் பிடித்து இழுப்பார்கள். இதற்கு ஏஐஎஸ் பட்டியலில் எண்ணே இல்லை.

ஒரு பேச்சுக்கு, அந்தத் தெப்பத்தில் நவீனக் கடல் கருவிகளை எல்லாம் மாட்டிப் பார்ப்போம். ரேடார் திரையில் ஒரே புள்ளிதான் தெரியும், மைய மண்டபம். அது நாயக்கர் காலத்திலிருந்து நகரவில்லை. ஆட்டோபைலட்டுக்கு வேலையில்லை. தெப்பம் கொஞ்சம் ஒதுங்கினால் "ஏய், இந்தப் பக்கம் விடுப்பா" என்று கரையிலிருந்து நூறு குரல் வரும். ஜிபிஎஸ்? 2000 மே தொடக்கம் வரை, பொதுமக்களுக்கான சமிக்ஞையில் அமெரிக்கா வேண்டுமென்றே பிழையைக் கலந்து வைத்திருந்தது. 100 மீட்டர் வரை தவறும். குளத்தின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு! அம்மன் தண்ணீரில் இருக்கிறாளா, சாலையில் ஜிகர்தண்டா கடை முன்னால் நிற்கிறாளா என்று அந்தக் கருவியால் சொல்லியிருக்க முடியாது.

மிச்சம் இருப்பது ஆழமானி. அடியை நோக்கி ஒலியை அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தை அளந்து ஆழம் சொல்லும் கருவி. 1912-இல் டைட்டானிக் மூழ்கிய பிறகு இந்த யோசனை வேகம் பிடித்தது. 1914-இல் பெஸ்ஸண்டன் பனிப்பாறையின் எதிரொலியைக் கடலில் பிடித்துக் காட்டினார். 1948-இல் ஜப்பானின் நாகசாகி பக்கம் ஃபுருனோ சகோதரர்கள் அதையே மீன் தேடும் கருவியாக்கி விற்கத் தொடங்கினார்கள். தண்ணீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1500 மீட்டர் போகும். குளத்தில் 3 மீட்டர் தண்ணீர் இருந்தால் எதிரொலி 4 மில்லி நொடியில் வந்துவிடும்.

சிரிப்பு இங்கேதான் நின்றுபோகிறது. ஏனென்றால் மதுரைத் தெப்பத்துக்கு உண்மையில் இருந்த ஒரே கேள்வி ஆழம்தான். வைகையிலிருந்து குளத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் கால்வாய் அடைபட்டுக் கிடந்த ஆண்டுகளில் குளம் கிரிக்கெட் மைதானம். அப்போதும் தைப்பூசம் வந்தது. அப்போதும் தெப்பம் கட்டினார்கள். அது நகராமல் நின்றது. அதற்கு ஊர் வைத்த பெயர் நிலைத் தெப்பம். சர்வதேசக் கடல்சார் பட்டியலில் அதன் பெயர் ஸ்டேட்டஸ் 6. உலகத்தில் எந்தக் கப்பலும் 6-ஐ விழாவாகக் கொண்டாடியிருக்காது. நாங்கள் கொண்டாடினோம்.

மிதப்பது பற்றி இந்த வட்டாரம் உலகத்துக்குத் தந்த இன்னொரு காட்சியும் உண்டு. 2017 ஏப்ரலில் வைகை அணையில் நீர் ஆவியாவதைத் தடுக்க, அமைச்சர் செல்லூர் ராஜு முன்னிலையில் தெர்மாகோல் அட்டைகளை ஒட்டி மிதக்கவிட்டார்கள். காற்று அடித்தது, அட்டைகள் கரைக்கு வந்துவிட்டன. மீம் போட்டு ஓய்ந்த பிறகாவது ஒன்றைச் சொல்ல வேண்டும்: யோசனை அவ்வளவு கேலிக்குரியதில்லை. 2015-இல் லாஸ் ஏஞ்சலஸ் நகரம் தன் நீர்த்தேக்கத்தில் 9.6 கோடி பிளாஸ்டிக் பந்துகளைக் கொட்டியது. காற்று தூக்கிப் போகாமல் இருக்க ஒவ்வொரு பந்துக்குள்ளும் கொஞ்சம் தண்ணீர் வைத்திருந்தார்கள். மிதக்கும் எதற்கும் அடியில் எடை வேண்டும் என்பது எந்தப் படகோட்டிக்கும் தெரிந்த விஷயம். தெர்மாகோலுக்கு அதுதான் இல்லை.

1959-இல் திறந்த அந்த அணைதான் இன்று மதுரையின் ஆழமானி. முழுக் கொள்ளளவு 71 அடி. 66 அடி வந்தால் முதல் எச்சரிக்கை, 68.5-இல் இரண்டாவது, 69-இல் மூன்றாவது. மற்ற ஊர்களில் வெள்ள எச்சரிக்கை என்றால் மூட்டை கட்டுவார்கள். மதுரையில் ஏ.வி. பாலத்தில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு "தண்ணி வந்துருச்சு" என்று வீடியோ எடுப்பார்கள். பரிபாடல் காலத்துச் சந்தோஷம் அப்படியே இருக்கிறது. ஆறுதான் வருஷத்தில் சில நாள் மட்டும் வந்து போகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் பனையூர் கால்வாயைத் தூர்வாரிச் சரிசெய்தார்கள். குளம் நிறைந்தது, தெப்பம் மறுபடி மிதந்தது, படகு சவாரிகூட வந்தது. இதற்கு எந்தச் செயற்கைக்கோளும் தேவைப்படவில்லை. ஒரு வாய்க்காலில் இருந்த குப்பையையும் மண்ணையும் அள்ளினார்கள், அவ்வளவுதான். ஆனால் வாய்க்கால் தூர்ந்துபோவது ரொம்ப மெதுவாக நடக்கும். அதைக் கண்டு கத்துகிற அலாரம் எந்தக் கம்பெனியிடமும் கிடையாது.

அடுத்த தைப்பூசத்துக்குத் தெப்பத்தின் ஸ்டேட்டஸ் என்ன என்று தெரிய வேண்டுமானால் ஜனவரி வரை காத்திருக்க வேண்டாம். மழை முடிந்ததும் பனையூர் கால்வாய்ப் பக்கம் ஒரு நடை போய், தண்ணீர் ஓடுகிறதா என்று பார்த்தால் போதும்.