விரால் வயித்துக்குள்ள ஒரு நாக்பூர்க்காரர்

சீர்காழியில அம்மா விரால் ஆயும்போது பக்கத்துல குந்திக்கிட்டு வேடிக்கை பார்க்கிறதுதான் சின்ன வயசுல என் வேலை. குடலைக் கீறினா சில சமயம் வெள்ளையா நூல் மாதிரி புழு இருக்கும். இழுத்தாலும் லேசுல வராது. "சீ, தொடாதேடா"ன்னு சாம்பலோட அள்ளி வெளியே போட்டுடுவாங்க.

ரொம்ப வருஷம் கழிச்சுத்தான் அந்தப் பிடிவாதத்துக்குக் காரணம் தெரிஞ்சது. முள்தலைப் புழுன்னு ஒரு கூட்டமே இருக்கு. மூக்கு மாதிரி நீட்டிக்கிற தலையில வரிசையா கொக்கி. அதைக் குடல் சுவத்துல குத்தித் தொங்கும். விரால் குடல்ல இப்படித் தொங்குற பேரினம் ஒண்ணுக்குப் பேர் பேலிசென்டிஸ். 1928-ல சீனத்து மீன்கள்ல பார்த்து வான் கிளீவ் வச்ச பேர். 1931-ல பாலேராவ் நம்ம விரால்ல இருந்த இனத்தை விவரிச்சு, நாக்பூர் பேரைச் சூட்டினார். இத்தனைக்கும் விராலுக்கு 1793-லயே அறிவியல் பேர் வச்ச பெர்லின் டாக்டர் பிளாக்குக்கு மீன்களை அனுப்பிக்கிட்டு இருந்தவர், நமக்குப் பக்கத்துத் தரங்கம்பாடி ஜான் பாதிரியார்!

புழு எப்படி மீனுக்குள்ள போகுதுங்கிறதைக் கேரளத்து ஜார்ஜும் நடக்கலும் 1973-ல எழுதினாங்க. முட்டை தண்ணியில விழும். கண்ணுக்குத் தெரிஞ்சும் தெரியாமலும் நீந்துற சைக்ளாப்ஸ் அதைத் திங்கும். அதைப் பொடிமீன் திங்கும், பொடிமீனை விரால் திங்கும். பேர் வச்சு 42 வருஷம் கழிச்சு!

இதே சைக்ளாப்ஸ்தான் மனுஷங்களுக்கு நரம்புச் சிலந்தியையும் கொண்டு வந்தது. அதை ஒழிச்சாச்சுன்னு இந்தியா 2000-ல சான்றிதழே வாங்கிடுச்சு. நம்ம காலைத் துளைச்சா கவனிப்போம்; விராலுக்கு யார் இருக்கா?

அம்மாகிட்ட இதையெல்லாம் போன்ல சொன்னேன். "அதுக்கு வாயும் வயிறும் கிடையாதும்மா, தோலாலயே உறிஞ்சிக்கும்"னேன்.

"அப்ப நான் தூக்கிப் போட்டது அதானா?" கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "இப்ப எங்கேடா இருக்கு, நம்ம தெருக் குளமே தூர்ந்து போச்சே"ன்னாங்க.

குளம் போனா சைக்ளாப்ஸ் இல்ல, பொடிமீன் இல்ல, விரால் இல்ல. புழுவும் இல்ல. வாழ்க்கையில முதல்முறையா ஒரு புழு இல்லையேன்னு வருத்தப்பட்டேன் :-)

உங்க ஊர்ல மீன் ஆயறவங்க இதுக்கு என்ன பேர் சொல்றாங்க? கேட்டுச் சொல்லுங்க மக்களே.