கோடு கிழித்தவர்கள் – 27: வாக்குத் தவறாத பேராசிரியர்

1998 ஏப்ரல் 10, புனித வெள்ளி மாலை, பெல்ஃபாஸ்டில் ஒப்பந்தம் முடிவான அந்த மேஜைக்கு உங்களை அழைத்துப் போவதாகச் சொல்லித்தான் சென்ற வாரம் ‘தொடரும்’ போட்டேன். போகத்தான் போகிறோம். அதற்கு முன் ஒருவரை அறிமுகப்படுத்திவிடுகிறேன். பத்து நாளாக இந்த மனுஷர் என்னைத் தூங்க விடவில்லை.

அயர்லாந்து எப்படி இரண்டானது, வடக்கே 6 மாவட்டங்கள் மட்டும் ஏன் பிரிட்டனோடு தங்கின, மைக்கேல் காலின்ஸ் லண்டனில் எதில் கையெழுத்துப் போட்டார் என்பதையெல்லாம் ஏற்கெனவே பார்த்துவிட்டோம். புதிதாகச் சேர்ந்தவர்கள் பழைய இதழ்களைப் புரட்டிக்கொள்ளவும். காலின்ஸ் கையெழுத்திட்ட அந்த 1921 ஒப்பந்தத்தின் 12-வது ஷரத்தை மட்டும் நினைவில் வையுங்கள். வடக்கு தனியே நிற்க முடிவெடுத்தால், மூன்று பேர் கொண்ட ஆணையம் எல்லையைத் திருத்தும். மக்களின் விருப்பப்படி திருத்தும். ஆனால் பொருளாதாரமும் நில அமைப்பும் இடம்கொடுக்கிற அளவுக்குத்தான். என்னைக் கேட்டால் இந்தக் கதையின் முதல் வில்லன் அந்த ‘ஆனால்’.

ஃபெர்மானா, டைரோன் இரண்டு மாவட்டங்களிலும் கத்தோலிக்கர்களே அதிகம். எல்லையைத் திருத்தினால் இரண்டும் நம் பக்கம் வந்துவிடும், மிச்சம் இருக்கும் வடக்கு தானாக உதிர்ந்துவிடும் என்று டப்ளின் கணக்குப் போட்டது. ஓர் அங்குலம்கூடத் தர மாட்டோம் என்றார் வடக்கின் பிரதமர் ஜேம்ஸ் கிரெய்க். ஆணையத்துக்கு ஆள் அனுப்பவே அவர் மறுத்துவிட்டதால், பத்திரிகை ஆசிரியராக இருந்த ஜோசப் ஃபிஷரை லண்டனே நியமித்தது. தலைவராகத் தென்னாப்பிரிக்காவிலிருந்து நீதிபதி ரிச்சர்ட் ஃபீதம் வந்தார். டப்ளின் அனுப்பிய ஆள்தான் நம்ம ஆள், பேராசிரியர் ஓயின் மெக்நீல்.

பிறந்த ஊர் வடக்கே ஆன்ட்ரிம் மாவட்டத்தின் கிளெனார்ம். கத்தோலிக்கர். டப்ளின் நீதிமன்றத்தில் குமாஸ்தாவாக உட்கார்ந்துகொண்டே பழைய ஐரிஷ் மொழியைப் படித்துக் கரைகண்டவர். 1893-ல் கேலிக் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். இவருடைய தம்பி ஜேம்ஸ் நம் ஊரில் ஐ.சி.எஸ். அதிகாரியாக இருந்தார். டிரினிடாட், ஃபிஜி கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறிய இந்தியக் கூலிகளின் நிலையை ஆராய்ந்து அரசுக்கு அறிக்கை கொடுத்த இருவரில் அவர் ஒருவர். அந்தக் கதைக்குள் நுழைந்தால் இந்த வாரம் மெக்நீலும் கிடையாது. திரும்பிவிடுவோம்.

1913-ல் மெக்நீல் ஒரு கட்டுரை எழுதினார். வடக்கே புராட்டஸ்டண்டுகள் படை திரட்டுகிறார்களே, நாமும் ஏன் திரட்டக் கூடாது என்பது அதன் சாரம். மாதம் முடிவதற்குள் ஐரிஷ் தொண்டர் படை உருவாகி, புத்தகப் பூச்சியான பேராசிரியர் அதன் தலைவரானார். ஆனால் 1916 ஈஸ்டர் ஞாயிறன்று ஆயுதமெடுக்கும் திட்டத்தை அவருக்குக் கீழே இருந்தவர்களே அவரிடம் மறைத்தார்கள். கடைசி நேரத்தில் விஷயம் தெரிந்ததும், யாரும் கிளம்ப வேண்டாம் என்று நாடு முழுக்க உத்தரவு அனுப்பினார். ஞாயிறு பத்திரிகையிலும் வெளியிட்டார். அதைக் கொடுக்க ராத்திரியில் அவரே சைக்கிள் மிதித்துப் போனார் என்பார்கள். மறுநாள் திங்களன்று, வந்த கொஞ்சம் பேரை வைத்துக்கொண்டே எழுச்சி வெடித்தது. தடுக்கப் பார்த்தவருக்கும் ஆயுள் தண்டனை கிடைத்தது. அடுத்த வருஷம் விடுதலையானார்.

அதன் பிறகு நடந்ததுதான் என் தூக்கத்தைக் கெடுத்தது. 1922-ல், 1921 ஒப்பந்தத்தை ஏற்றவர்களுக்கும் எதிர்த்தவர்களுக்கும் நடுவே உள்நாட்டுப் போர். மெக்நீல் டப்ளினின் சுதந்திர அரசில் அமைச்சர். இரண்டு மகன்கள் அரசுப் படையில். இன்னொரு மகன் பிரையன் எதிர்ப் படையில். செப்டம்பர் 20 அன்று ஸ்லைகோவின் பென்புல்பென் மலைச் சரிவில் அரசுப் படையினர் பிரையனைச் சுட்டுக் கொன்றார்கள். தான் அமைச்சராக இருக்கும் அரசின் துப்பாக்கிக்கு மகனைப் பறிகொடுத்தும் அவர் பதவியை விட்டு விலகவில்லை. நாட்டை இரண்டாக்கிய கோட்டைத் திருத்தும் ஆணையத்துக்கு, வீடே இரண்டாகிப்போன ஒருவரை டப்ளின் அனுப்பியது.

ஆணையம் கூடுவதற்குள் கோடு கெட்டிப்பட்டுவிட்டது. 1923 ஏப்ரல் 1, முட்டாள்கள் தினத்தன்று, எல்லையில் சுங்கச்சாவடிகள் முளைத்தன. பெட்டிகோ என்ற ஊரைப் பாருங்கள். நடுவே டெர்மன் ஆறு. ஆறென்று பெயரே தவிர, ஓடை மாதிரிதான். பாலத்துக்கு இந்தப் பக்கம் டோனிகால் மாவட்டம், சுதந்திர அரசு. அந்தப் பக்கம் டல்லிஹாமன், பிரிட்டன். பாலம் தாண்டி வெண்ணெய் வாங்கி வந்தால் நேற்று வரை அதன் பெயர் கொள்முதல், இன்றைக்குக் கடத்தல். சாலைகளிலும் அனுமதிக்கப்பட்டவை, அனுமதிக்கப்படாதவை என்று இரண்டு ஜாதி வந்தது. சொந்த வயலுக்கு வண்டி ஓட்டிப் போகிற விவசாயி, தன் ஊர்ச் சாலை எந்த ஜாதி என்று தெரிந்துகொண்டு ஓட்ட வேண்டும்.

ஃபீதம் நேர்மையான நீதிபதி, அதுதான் வினை. ஷரத்தை வரி வரியாகப் படித்தவர், ‘திருத்து’ என்றால் ஓரத்தை வெட்டித் தைப்பதுதான், துணியையே மாற்றுவதல்ல என்று முடிவுகட்டினார். கத்தோலிக்கர்கள் அதிகமிருந்த நியூரி நகரத்தைக்கூட, அதன் பிழைப்பு பெல்ஃபாஸ்டோடு பின்னியிருக்கிறது என்று வடக்கிலேயே விட்டார். முன்சொன்ன ‘ஆனால்’ வேலை செய்தது. ஃபிஷர் ஆணைய ரகசியங்களை வடக்கின் அரசியல்வாதி ஒருவருடைய மனைவிக்குக் கடிதமாக எழுதிக்கொண்டிருந்தார். மெக்நீல்? ரகசியம் காப்பதாக வாக்குக் கொடுத்திருந்தார், காப்பாற்றினார். தன் சொந்த மந்திரிசபையிடம்கூட வாய் திறக்கவில்லை.

1925 நவம்பர் 7. லண்டனின் ‘மார்னிங் போஸ்ட்’ நாளிதழ் உத்தேச வரைபடத்தை அச்சிட்டுவிட்டது. தெற்கு அர்மா உட்பட சில ஓரங்கள், 31,000-க்கும் மேற்பட்ட மக்களோடு சுதந்திர அரசுக்கு வரும். கிழக்கு டோனிகாலின் ஒரு துண்டு உட்பட சில பகுதிகள், 7,500-க்கும் மேற்பட்டவர்களோடு வடக்குக்குப் போகும். இரண்டு மாவட்டங்களை முழுசாக எதிர்பார்த்த டப்ளினில், கொடுக்கவும் வேண்டுமா என்று கொதித்தார்கள். மெக்நீல் நவம்பர் 20 அன்று ஆணையத்திலிருந்தும் சில நாளில் அமைச்சர் பதவியிலிருந்தும் விலகினார். டிசம்பர் 3 அன்று லண்டனில் மூன்று அரசுகளும் உட்கார்ந்து, கோடு இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்று கையெழுத்திட்டன. பிரிட்டனின் பொதுக்கடனில் டப்ளின் ஏற்கவேண்டிய பங்கு தள்ளுபடியானது. கடனுக்குக் கோடு என்று அதற்கு நான் பெயர் வைத்திருக்கிறேன். ஆணைய அறிக்கை பூட்டி வைக்கப்பட்டது.

மெக்நீல் கோழையா? பலர் அப்படித்தான் எழுதுகிறார்கள், நான் மறுக்கிறேன். தன்னை ஏமாற்றியவர்களைத் தடுக்கப் போய் 1916-ல் கெட்ட பெயர் வாங்கினார். அந்தரங்கத்தைக் காக்கப் போய் 1925-ல் வாங்கினார். அரசியலுக்கு வந்திருக்கக் கூடாதவர், அவ்வளவுதான். 1927 தேர்தலில் தோற்று, ஓலை தேடும் நம் ஏட்டுப் புலவர்களைப்போலப் பழைய கையெழுத்துப் பிரதிகளிடமே திரும்பிப் போனார்.

பூட்டிய அறிக்கை 44 வருஷம் கழித்து, 1969-ல்தான் அச்சேறியது. அதே வருஷம் ஆகஸ்டில் பிரிட்டிஷ் ராணுவம் வடக்கின் தெருக்களில் இறங்கியது. அந்த வரைபடத்தைக் கணினியில் பெரிதாக்கி மேஜையில் விரித்து வைத்திருக்கிறேன். தெற்குக்குத் தருவதாக இருந்த தெற்கு அர்மாவின் மேல் விரல் போய் நிற்கிறது. பின்னாளில் ராணுவம் சாலையில் போகவே அஞ்சி ஹெலிகாப்டரில் பறந்த மண் அது. குன்றுக்குக் குன்று கண்காணிப்புக் கோபுரம். எல்லை நெடுகச் சிறு சாலைகளை ராணுவம் வெடிவைத்துக் குழியாக்கும். ஊர்க்காரர்கள் டிராக்டரோடு வந்து மண்ணைக் கொட்டி மூடுவார்கள். ராணுவம் மறுபடி வந்து குழியாக்கும். அறிக்கையை நிறைவேற்றியிருந்தால் இத்தனையும் தவிர்ந்திருக்குமா? தெற்கு அர்மா பிழைத்திருக்கலாம். பெல்ஃபாஸ்டிலும் டெர்ரியிலும் அடுத்தடுத்த தெருவில் வாழ்கிறவர்களுக்கு நடுவே எந்த ஃபீதம் வந்து கோடு போட முடியும்?

அதனால்தான் 1998-ன் மேஜை எனக்கு ஆச்சரியம். அங்கே கோட்டை ஓர் அங்குலம்கூட நகர்த்தவில்லை. வடக்கே பிறந்தவர் தன்னை ஐரிஷ் என்றோ, பிரிட்டிஷ் என்றோ, இரண்டும் என்றோ சொல்லிக்கொள்ளலாம் என்றார்கள். பெரும்பான்மை கேட்காமல் வடக்கின் நிலை மாறாது என்றார்கள். வாக்கெடுப்பில் வடக்கே 71 சதவீதம், தெற்கே 94 சதவீதம் ஆமாம் என்றது. ஐரோப்பியப் பொதுச் சந்தை வந்ததால் சுங்கச்சாவடிகள் 1993-லேயே போயிருந்தன. ஒப்பந்தத்துக்குப் பின் கோபுரங்களும் இறங்கின. பாலத்தில் நின்று ‘நீ யார்’ என்று கேட்க ஆளில்லாமல் போனதும், மனிதர்கள் அதற்குப் பதில் தேடுவதையும் கொஞ்சம் குறைத்துக்கொண்டார்கள்.

பிறகு 2016. ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு விலக பிரிட்டன் வாக்களித்தது. வட அயர்லாந்தில் 55.8 சதவீதம் பேர் வேண்டாம் என்றும் பயனில்லை. நிலத்தில் சாவடி வைத்தால் பழைய ரணம் கிளறப்படும் என்பதால், 2021 முதல் பிரிட்டனிலிருந்து வரும் சரக்குகளுக்குத் துறைமுகத்தில் சோதனை வைத்தார்கள். இப்போது வடக்கின் புராட்டஸ்டண்டுகள் கொதித்தார்கள்: எங்களுக்கும் எங்கள் நாட்டுக்கும் நடுவே கடலில் கோடா? 1923-ல் பெட்டிகோவின் கத்தோலிக்கர் கேட்ட அதே கேள்வி.

ஆசிரியர் இரண்டாவது தடவை போன் செய்துவிட்டார், பக்கமும் முடிந்தது. பேராசிரியர் வாக்குத் தவறாமல் கெட்டார். நான் தவறிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் நேராக பெல்ஃபாஸ்ட்.

(தொடரும்)