விக்கிபீடியா தலைப்பை யார் முடிவு பண்றாங்க? தயிர் முதல் காஸா வரை நடந்த சண்டைகள்!

ஒரு ஊரையோ, ஒரு போரையோ கூகுளில் தேடினால் முதல் சில முடிவுகளுக்குள் விக்கிபீடியா வந்து நிற்கும். நம்மில் பலர் அதைத் திறப்பதுகூட இல்லை. தலைப்பை மட்டும் பார்த்துவிட்டு, 'ஓ, இதுக்கு இதான் பேரா' என்று நகர்ந்துவிடுகிறோம். அந்த ஒரு வரிக்காகத்தான் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள் வருஷக்கணக்கில் மல்லுக்கட்டுகிறார்கள்.

தயிருக்கு 8 வருஷம்

நம்ப முடியாத கதையில் இருந்தே ஆரம்பிக்கலாம். ஆங்கில விக்கிபீடியாவில் 'யோகர்ட்' என்ற கட்டுரை 2002 இறுதியில் தொடங்கப்பட்டது. அமெரிக்க ஸ்பெல்லிங்கில் அந்த வார்த்தைக்கு நடுவில் 'ஹெச்' கிடையாது. பிரிட்டிஷ் ஸ்பெல்லிங்கில் உண்டு. 2003-ல் ஒருவர் 'ஹெச்' சேர்த்துவிட்டார். அதை எடுக்க வேண்டும், கூடாது என்று ஆரம்பித்த பஞ்சாயத்து, பல சுற்று விவாதங்களைத் தாண்டி 2011-ல்தான் முடிந்தது. 'ஹெச்' எடுக்கப்பட்டது.

யாருக்கு அதிகாரம்?

நிறுவனத்துக்கு இல்லை. தலைப்பு மாற வேண்டும் என்று நினைப்பவர், அந்தக் கட்டுரையின் உரையாடல் பக்கத்தில் கோரிக்கை வைக்க வேண்டும். பொதுவாக 7 நாள் விவாதம். அதில் கலந்துகொள்ளாத, அனுபவமுள்ள ஒரு பதிப்பாளர் வந்து எல்லாவற்றையும் படித்து முடிவை அறிவிப்பார். இது ஓட்டெடுப்பு கிடையாது. எத்தனை பேர் சொன்னார்கள் என்பதைவிட யாருடைய வாதம் விதிகளோடு ஒத்துப்போகிறது என்றுதான் பார்ப்பார்கள். சோஷியல் மீடியாவில் ஆள் திரட்டி 'மாத்துங்க, மாத்துங்க' என்று எழுதினால் பலன் இருக்காது.

முக்கியமான விதி இதுதான்: அரசு வைத்த பெயர் எது என்று பார்ப்பதில்லை. நம்பகமான ஆங்கில செய்திகளும் நூல்களும் அதிகம் பயன்படுத்தும் பெயர்தான் தலைப்பு. நாம் 'கங்கா' என்று சொல்லும் நதி அங்கே இன்னும் 'கேஞ்சஸ்' ஆகவே இருப்பதற்குக் காரணம் இதுதான். மாற்றச் சொல்லி பலமுறை கோரிக்கை வந்தும் நடக்கவில்லை. இந்தியர்களுக்குக் கடுப்பாகத்தான் இருக்கும். ஆனால் விதி எல்லோருக்கும் ஒன்றுதான்.

கீவ் ஏன் லேட்?

உக்ரைன் தலைநகரத்தை எடுத்துக்கொள்வோம். ரஷ்ய உச்சரிப்பை ஒட்டிய 'கியெவ்' வேண்டாம், உக்ரேனிய மொழியை ஒட்டிய 'கீயிவ்' தான் வேண்டும் என்று அந்த நாட்டு வெளியுறவுத் துறை 2018-ல் பிரசாரமே தொடங்கியது. விக்கிபீடியா அசையவில்லை. 2019 ஆகஸ்டில் அசோசியேட்டட் பிரஸ் மாறியது, அக்டோபரில் பிபிசி மாறியது. ஊடகங்கள் மாறிய பிறகு, 2020 செப்டம்பரில்தான் விக்கிபீடியா தலைப்பும் மாறியது. பழைய பெயரைத் தட்டினாலும் இப்போது புதிய தலைப்புக்கே போகும். (தமிழில் நாங்கள் 'கீவ்' என்று எழுதி இந்தச் சண்டையில் இருந்து தப்பித்துவிட்டோம்! ஆனால் 'டொராண்டோ'வா, இலங்கைத் தமிழர்கள் எழுதும் 'ரொறன்ரோ'வா என்று யாராவது கேட்டால் மாட்டிக்கொள்வோம்.)

பெயரே தீர்ப்பாக இருந்தால்?

ஸ்பெல்லிங் சண்டை வரைக்கும் இந்த விதி வேலை செய்கிறது. 'படுகொலை', 'கலவரம்' மாதிரி வார்த்தைகள் வரும்போதுதான் சிக்கல். 1770-ல் பாஸ்டன் நகரில் பிரிட்டிஷ் வீரர்கள் கூட்டத்தை நோக்கிச் சுட்டதில் 5 பேர் இறந்தனர். கட்டுரையின் தலைப்பு 'பாஸ்டன் படுகொலை'. அது ஒரு பக்கம் சாய்ந்த சொல் என்பது விக்கிபீடியாவுக்கும் தெரியும். ஆனால் வரலாற்று நூல்கள் எல்லாமே அப்படித்தான் சொல்கின்றன என்பதால் விட்டுவிட்டார்கள். 250 வருஷம் பழைய சம்பவம், பிரச்னை இல்லை.

நம் கண் முன்னால் நடக்கும் போருக்கு என்ன செய்வது? காஸா குறித்த ஒரு கட்டுரையின் தலைப்பில் முதலில் 'இனப்படுகொலைக் குற்றச்சாட்டுகள்' என்று இருந்தது. நீண்ட விவாதத்துக்குப் பிறகு 2024 ஜூலையில் அது 'காஸா இனப்படுகொலை' ஆனது. 'குற்றச்சாட்டு' என்ற சொல் போனது. அவ்வளவுதான் மாற்றம், ஆனால் அர்த்தமே வேறு.

ஆய்வாளர்கள் பலர் இந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறார்கள் என்பது ஆதரித்தவர்களின் வாதம். தென்னாப்பிரிக்கா தொடுத்த வழக்கில் சர்வதேச நீதிமன்றம் இன்னும் தீர்ப்பு சொல்லவில்லையே என்பது எதிர்த்தவர்களின் கேள்வி. இது இனப்படுகொலைதான் என்று ஐ.நா. விசாரணை ஆணையம் 2025 செப்டம்பரில் அறிவித்தது. இஸ்ரேல் அதை முழுமையாக மறுத்தது.

இந்தப் பக்கங்களில் யார் வேண்டுமானாலும் கை வைக்க முடியாது. கணக்கு தொடங்கி 30 நாள் ஆகியிருக்க வேண்டும், 500 திருத்தங்கள் செய்திருக்க வேண்டும். அப்படியும் சண்டை முற்றி, 2025 அக்டோபர் இறுதியில் கட்டுரை சில நாட்களுக்குப் பூட்டப்பட்டது.

அப்போதுதான் விக்கிபீடியா நிறுவனர்களில் ஒருவரான ஜிம்மி வேல்ஸே உள்ளே வந்தார். இனப்படுகொலை என்பதை விக்கிபீடியாவே தன் குரலில் சொல்வது நடுநிலை இல்லை, யார் சொல்கிறார்கள் என்று குறிப்பிட்டு எழுத வேண்டும் என்பது அவர் கருத்து. பதிப்பாளர்கள் பலர் அதை ஏற்கவில்லை. ஆதாரங்களை எடைபோட்டு எட்டிய முடிவை, நிறுவனர் சொன்னார் என்பதற்காக மாற்ற முடியாது என்றார்கள். அவர் தலையிட்டதால் மட்டும் தலைப்பு மாறிவிடவில்லை.

இந்தச் சண்டைகள் எதுவும் ரகசியம் இல்லை. எந்த ஆங்கிலக் கட்டுரையிலும் 'டாக்' என்ற பகுதியை அழுத்துங்கள். பெரிய சர்ச்சை நடந்த கட்டுரை என்றால், பெயரை மாற்றச் சொல்லி எப்போது கோரிக்கை வந்தது, என்ன முடிவானது என்ற பட்டியல் பெரும்பாலும் மேலேயே இருக்கும். தயிர் கட்டுரையின் பட்டியலை மட்டும் பொழுதுபோகாத நாளில் படியுங்கள், கொஞ்சம் நீளம்!