கிழங்குக் காய்களை விதையிலிருந்து வளர்த்தல் (ஒரகடம் வட்டாரம்)

காஞ்சிபுரம் மாவட்டத்தின் ஒரகடம், கார் ஆலைகளால் அறியப்பட்டாலும் ஏரிப்பாசன ஊர்கள் சூழ்ந்த சமவெளி. இங்கு வீட்டுத் தோட்டத்திலும் மாடித் தோட்டத்திலும் விதையிலிருந்து எளிதில் வருவது முள்ளங்கி, பீட்ரூட் அடுத்தது. குளிரை நாடும் கேரட்டை மழைக்காலம் தணிந்தபின் விதைத்துப் பார்க்கலாம், ஆனால் ஊட்டிக் கேரட்டின் பருமனை எதிர்பார்க்கக் கூடாது.

இவற்றை நாற்றுவிட்டுப் பிடுங்கி நடக்கூடாது. ஆணிவேரே காயாகப் பருப்பதால், நுனி ஒடிந்தாலோ மடங்கினாலோ காய் கவைத்துப்போகும். நேரடி விதைப்பே சரி. கல்லும் கட்டியும் இல்லாத, ஓர் அடி ஆழமுள்ள பொலபொலப்பான மண் வேண்டும். களிமண்ணானால் மணலும் மட்கிய தொழுவுரமும் கலக்க வேண்டும். பச்சைச் சாணம் ஆகாது.

அரை அங்குல ஆழத்தில் இடும் முள்ளங்கி விதை நான்கைந்து நாளில் முளைக்கும். கேரட்டுக்கு இரண்டு வாரம்கூட ஆகும். அதுவரை மேல்மண் காயாதபடி பூவாளியால் நீர் தெளிக்க வேண்டும். பீட்ரூட் விதை என்பது பல விதைகள் ஒட்டிய கொத்து. ஒன்றிலிருந்தே இரண்டு மூன்று முளைகள் வரும். வலுவான ஒன்றை விட்டு மற்றதைக் கிள்ளிவிட வேண்டும். இந்தக் கலைப்பில் இரக்கம் காட்டினால் இலைதான் மிஞ்சும். பிடுங்கிய முள்ளங்கிக் கன்று கீரையாகும்.

வெயிலைத் தாங்கும் 'பூசா சேத்கி' முள்ளங்கி, டெல்லி இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய இரகம். ஏறத்தாழ 45 நாளில் அறுவடையாகும். புதிதாகத் தொடங்குவோர் இதையே முதலில் விதைக்கலாம்.